சதுர அங்குலம்

ஒரு புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்தால்
எம்.சி. ரோட்டுக் கடையில் இருபத்தைந்து ரூபாய்.
நூல் என்னுடையது, கரண்ட் என்னுடையது,
கண்ணும் என்னுடையதுதான்.

திருவொற்றியூரில் எங்கள் வீடு
ஐந்நூறு சதுர அடி, தரைத்தளம்.
கடன் பதினெட்டு லட்சம்.
(நகை விற்றுப் போட்டதைச் சேர்க்கவில்லை.
அது போனது போனதுதான்.)
தூக்கம் வராத ஒரு ராத்திரி
ஜெரோமின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில்
வகுத்துப் பார்த்தேன்:
ஒரு சதுர அங்குலம் இருபத்தைந்து ரூபாய்.
மறுபடி வகுத்தேன். அதே விடை.
அன்றிலிருந்து
புடவை புடவையாக
வீட்டை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தவணை பதினைந்தாயிரத்து அறுநூற்று இருபது.
வட்டி தின்றது பன்னிரண்டாயிரத்து எழுநூற்றைம்பது.
மிச்சத்துக்கு ஒரு சதுர அடிகூடத் தேறவில்லை.
"மாசம் முழுக்க உழைச்சதுக்கு
ஒத்தக் கால் வைக்க இடம்" என்றார் அருமைராஜ்.
சிரித்தோம்.
மறுநாளே கேபிளை வெட்டினோம்.

காசிமேட்டில் கூட்டம் கலைந்த பிறகு போனால்
விலை இறங்கியிருக்கும்.
சங்கரா கேட்ட வாய்க்குக் காரப்பொடி.
தீபாவளி போனஸ்
எங்கள் கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்காமல்
நேராக வங்கிக்கு நடந்தது.
"தவணையக் குறைக்கட்டுமா, மாசத்தக் குறைக்கட்டுமா?"
கவுன்ட்டர்காரர் தலை நிமிராமல் கேட்டார்.
"மாசத்த" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

இப்படியாக
குளியலறை எங்களுடையது ஆனது.
பிறகு சமையலறை, மேடை உட்பட.
ஜெரோம் சாக்பீஸால் தரையில் கோடு போட்டான்:
இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் பேங்க்.
ஒரு டிசம்பர் மழையில்
எண்ணெய் மிதந்த தண்ணீர் முழங்கால்வரை வந்து
கோட்டை அழித்தது.
வங்கியின் ஹாலை இறைக்க
வங்கியிலிருந்து ஒருவரும் வரவில்லை.
மெஷின் மோட்டார் நாலாயிரத்து இருநூறு.
நூற்று அறுபத்தெட்டு புடவை.

மணலி யார்டில் கன்டெய்னர் எண் குறிக்கும் வேலை
ஆறு மணிக்கு முடியும் அவருக்கு.
ஏழிலிருந்து பன்னிரண்டுவரை பைக் டாக்ஸி.
இருநூற்று நாற்பது மாதம்
நூற்று எழுபத்தொன்று ஆனது
பாதி அந்த பைக்கால்தான்.

போன வியாழன் வந்து, தோசையைப் பிய்த்துக்கொண்டே
வேடிக்கையாகச் சொன்னார்:
எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை சிக்னலில்
பின்னால் உட்கார்ந்திருந்த பையன்
ஹெல்மெட்டைத் தட்டினானாம்:
"அண்ணே, பச்ச உழுந்துருச்சு, தூங்கிட்டியா?"
பின்னால் என்ன நின்றது என்று கேட்டேன்.
"ட்ரெயிலருதான். நாப்பது அடி.
ஆரனடிச்சான், எனக்குக் கேக்கல."
சட்னி கேட்டார்.
நான் சிரிக்கவில்லை.
அன்று ராத்திரி இரண்டு ஊசி முறிந்தது.

அவர் குறட்டை விடும்போது
போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டேன்.
காலையில் சண்டை.
எனக்கென்ன தெரியும் வட்டி பற்றி என்றார்.
வட்டி பற்றி
எனக்கு அங்குல அங்குலமாகத் தெரியும்.
நோட்டை விரித்து, சிவப்பு மையில்
நூற்று எழுபத்தொன்றின் பக்கத்தில்
பதினான்கு என்று கூட்டி எழுதினேன்.
எதற்கு என்று எழுதும் இடத்தில்
ஒன்றும் எழுதவில்லை.
பார்த்துக்கொண்டே நின்றார்.
யார்டுக்கு நேரமாகிவிட்டது.

இன்று ஞாயிறு.
பூசைக்கு முதல் மணி அடித்தாயிற்று.
ஜன்னலோரம், இன்னும் ஓர் அங்குலமும் அடைபடாத தரையில்
வாய் திறந்து, கையும் காலும் பரப்பி
எட்டுப் பத்துச் சதுர அடிக்குத் தூங்குகிறார்.
வங்கியின் இடம்.
இருக்கட்டும்.

முப்பத்தொரு புடவை பாக்கி.
சத்தம் கேட்காமல் இருக்க
மெஷினைத் தூக்கியும் தள்ளியும்
எங்கள் சமையலறைக்குக் கொண்டுபோகிறேன்.